வாளி வேண்டாம்

மார்ச் 2

பொறி பறக்க இரும்பு ஒட்டுற மாப்ளைக்கு உன் மாமன் எழுதுறது.

நான் நல்லா இருக்கேன்னு எழுதுனா உனக்கு வருத்தமா இருக்கும். அதனால இடுப்பு வலின்னு எழுதுறேன், சந்தோஷப்பட்டுக்கோ. உங்க அக்கா நல்லா இருக்கா. அவளுக்கு என்ன குறை, என்னைக் கட்டுனவ.

ரெண்டு வருஷமா நீயும் எழுதல, நானும் எழுதல. கப்பல் பட்டறையில நீ என்னமோ பெரிய உத்தியோகம் பாக்குற மாதிரி உங்க அக்கா தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறா. ஓட்டை அடைக்கிற வேலைதானேன்னு வாய விட்டேன். அன்னிக்கு எனக்குச் சோறு இல்ல.

விஷயத்துக்கு வரேன். நான் முப்பத்தோரு வருஷம் சமைச்சுக் கொட்டுன கம்பெனி கேன்டீனை மூடிட்டாங்க. வேணுங்கிறத எடுத்துக்கோங்கன்னு சொன்னதும் அவனவன் அண்டா, கரண்டின்னு பாஞ்சான். நான் சாப்பாடு சூடு ஆறாம வெக்கிற எவர்சில்வர் அலமாரிய எடுத்துட்டேன். என் ஒசரம் இருக்கும், ரெட்டைச் சுவரு. அதைக் கொல்லையில நிறுத்திக் கறிக்குப் புகை போடுற பெட்டியா மாத்திட்டேன். பேப்பர்ல படம் போட்டிருந்தான், பன்னெண்டு மணி நேரம் புகையிலயே கறி வெந்து, எலும்பு தானா கழண்டு விழுமாம். வர்ற இருபத்தஞ்சாம் தேதி கேன்டீன்ல தின்ன பழைய ஆளுங்க அறுபது பேர் கூடுறாங்க. கறி என் பொறுப்புன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

அடியில இருந்த ஆவிக் குழாயப் புடுங்கிட்டு ஓட்டை போட்டேன். ஓட்டைக்குக் கீழ புது ஜி.ஐ. வாளி ஒண்ணு, அதுலதான் கட்டையும் கரியும். பக்கத்துல கேன்டீன் அடுப்புக்கு வெச்சிருந்த கையால சுத்துற ஊது மெஷின். நாலு சுத்து சுத்துனா வாளி செக்கச்செவேல்னு ஆயிடுது, பாக்கவே அழகு. தட்டெல்லாம் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான், அதனால கோழி வலைய மடிச்சுத் தட்டா மாட்டியிருக்கேன். உங்க அக்கா முக்காலி போட்டு உக்காந்து கறிக்குத் தண்ணி தெளிக்கிறா. காலாட்டிக்கிட்டே ராஜ வாழ்க்கை.

கேக்க வந்தது இதுதான். கதவு சரியா மூடல, புகை பூரா அவ மூஞ்சிக்குத்தான் போகுது. கதவு ஓரத்துக்கு என்ன வெச்சு அடைக்கலாம்? ஊர்ல இருக்கிற வெல்டருங்களக் கேட்டா சிரிக்கிறானுங்க. நீ சிரிக்கத் தெரியாதவன், அதான் உனக்கு எழுதுறேன்.

மொத நாள் எரிச்சப்ப வாயெல்லாம் ஒரு மாதிரி இனிச்சுக் கெடந்துச்சு, காசைச் சப்புன மாதிரி. சாயங்காலம் எனக்குக் குளிர் தூக்கிப் போட்டுச்சு, காலையில சரியாப் போச்சு. கறி வாசனைக்கு ஒடம்பே ஆடிப் போச்சு போல.

மாமா

*

மார்ச் 6

மாமாவுக்கு,

உங்க லெட்டர் கெடச்சுது. பதில் போடக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கல. உங்க ரிட்டயர் விருந்துல அத்தனை பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, "இவன் ஒட்டுன கேட்டுல கோழி சாஞ்சாலே கேட்டு படுத்துரும்"னு சொன்னீங்க. பள்ளிக்கூடத்து கேட்டு வேலைய எனக்குத் தர்றதா இருந்த காண்ட்ராக்டர் ரெண்டு எலை தள்ளி உக்காந்திருந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு. மறுநாள் வேலை வேற ஆளுக்குப் போச்சு. அதனாலதான் நான் இந்தக் கோடியில கெடக்குறேன். இது இருக்கட்டும்.

கதவ விடுங்க. மொதல்ல அந்த வாளியத் தூக்கி எறிங்க. கோழி வலையவும்.

ஜி.ஐ. மேல பளபளன்னு இருக்கிறது துத்தநாகப் பூச்சு. செவக்கச் செவக்கச் சூடு ஏத்துனா அது புகையாக் கெளம்பும். அந்தப் புகைய இழுத்தா வாய் இனிக்கும், சாயங்காலம் குளிர் ஜுரம் வரும், காலையில போயிடும். உங்களுக்கு வந்தது அதுதான். எங்க பட்டறையில புதுசா வர்ற எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கு. நமக்கு ஜுரத்தோட போயிடும். அக்காவுக்குச் சின்ன வயசுலேருந்தே இளைப்பு. அவ அந்தப் பக்கமே வரக் கூடாது.

நம்பலேன்னா வாளிக்குள்ள பாருங்க. விளிம்புல வெள்ளையாப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். அது சாம்பல் இல்ல.

கேன்டீன்ல தடிமனா கருப்பு இரும்புச் சட்டி இருக்குமே, பூச்சு இல்லாதது, அதுல எரிங்க. அலமாரி எவர்சில்வர், அதுக்கு ஒண்ணும் இல்ல. வலைக்குப் பதிலா எவர்சில்வர் கம்பி போடுங்க.

இத அக்காவுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவளுக்குப் படிக்க வராதுன்னு நீங்களா எதையும் சேக்காதீங்க.

இப்படிக்கு, உங்க மச்சினன்

*

மார்ச் 10

மாப்ள,

பலே. ரெண்டு வருஷம் உக்காந்து யோசிச்சு இவ்ளோ அழகா ஒண்ணு ரெடி பண்ணியிருக்க பாரு. கேட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேன், பதிலுக்கு நீ என் வாளியப் பத்தி ஒரு பக்கம். எனக்கே காது குத்துறியா? நான் அறுபத்தொம்பது வருஷமா ஊருக்குக் குத்திக்கிட்டு இருக்கேன்.

ஆனா ஒண்ணு, வெள்ளைப் பஞ்சு இருக்கு. எப்படிக் கரெக்டா சொன்ன? நான் சாம்பல்னு நெனச்சுத் தட்டி விட்டேன், பறந்து மூக்குல ஏறுச்சு.

உன் சாஸ்திரம் தப்புங்கிறதுக்கு அத்தாட்சி சொல்றேன் கேட்டுக்கோ. மொத நாள்தான் குளிர் வந்துச்சு. அதுக்கப்புறம் நாலு நாள் வரிசையா எரிச்சேன், ஒண்ணுமே இல்ல. விஷமா இருந்தா நாளுக்கு நாள் ஏறணுமா, கொறையணுமா? நீயே சொல்லு. ஒடம்பு பழகிப் போச்சு, அவ்ளோதான். உங்க அக்காவுக்கும் மொத நாள் லேசாக் கணகணன்னு இருந்துச்சு. இப்ப இருமல் மட்டும் கொஞ்சம். அது அவளுக்கு எப்பவும் இருக்கிறது.

லெட்டரப் படிச்சுக் காட்டுனீங்களான்னு கேப்ப. காட்டுனேன். தபால்காரர் குடுத்ததுமே அடுப்ப அணைச்சுட்டு ஈரக் கையத் தொடச்சுக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்துட்டா. ரெண்டு வருஷம் கழிச்சுத் தம்பி போட்ட லெட்டர். அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு வாளி, வலை, காண்ட்ராக்டர்னு எப்படிடா படிக்கிறது? "அக்கா, உன்னை நெனைக்காத நாளே இல்ல, மாமா செஞ்ச பெட்டி பிரமாதம்னு தெரியுது, கவனமா இருங்க"ன்னு படிச்சேன். இன்னொரு தடவை படிங்கன்னா. இன்னொரு தடவையும் அதையே தப்பில்லாமப் படிச்சேன், எனக்கே ஆச்சரியம். கண்ணத் தொடச்சுக்கிட்டா. நீ எழுதியிருக்க வேண்டியதத்தான் நான் படிச்சேன். அதுக்கு நீ எனக்கு நன்றி சொல்லணும்.

இரும்புச் சட்டிக்கு எங்க போறது, அத மொதல் ஆளாத் தூக்குனது சரக்கு ரூம் கிளார்க்கு. இருபத்தஞ்சுக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான். அறுபது பேர் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான்.

மாமா

*

மார்ச் 13

மாமாவுக்கு,

உங்க லெட்டர் காலையில வந்துச்சு. சாப்பாட்டு இடைவேளையில ஓடிப் போய் "வாளி வேண்டாம்"னு தந்தி குடுத்துட்டு வந்துதான் இத எழுதுறேன்.

ஒடம்பு பழகிப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதுலதான் ஆபத்தே இருக்கு. தினம் இழுத்தா ஒடம்பு பழகிக்கும், ஜுரம் தெரியாது. ரெண்டு மூணு நாள் விட்டுட்டு மறுபடி இழுத்தா மொதல்லேருந்து அடிக்கும். எங்க பட்டறையில லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்குச் சாயங்காலம்தான் ஆளுங்க போர்வையப் போத்திக்கிட்டுப் படுப்பாங்க. மழை வந்து நிறுத்தினீங்க, கறி வாங்கப் போனீங்க, ஏதோ ஒண்ணுல நாலு நாள் விட்டுப் போச்சுன்னு வெச்சுக்கோங்க. மறுபடி எரிக்கிற அன்னிக்கு அக்கா பக்கத்துல இருந்தா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியல.

நான் விளையாடல. எனக்கு விளையாட வராதுன்னு நீங்கதான் ஊரெல்லாம் சொல்லுவீங்க.

கேட்டு விஷயத்த விட்டுட்டேன். நெசமாவே விட்டுட்டேன். என் கேட்டு கோழி சாஞ்சா விழும், காக்கா உக்காந்தா விழும், எப்படி வேணா சொல்லிக்கோங்க, இருபத்தஞ்சாம் தேதி அறுபது பேருக்கு முன்னாடி சொல்லுங்க. வாளிய மட்டும் தூக்கிப் போட்டுடுங்க. இங்க பட்டறையில இருக்கிற கருப்புத் தகட்ட வளச்சு நானே சட்டி ஒண்ணு ஒட்டித் தரேன். பதினெட்டாம் தேதி அந்தப் பக்கம் ஒரு லாரி வருது.

அக்காவுக்கு எதாச்சும் ஆச்சுன்னா எனக்கு வேற யாரு இருக்கா? இத அப்படியே படிங்க அவளுக்கு.

மச்சினன்

*

மார்ச் 14

அடேய் படுபாவி,

தந்தி அடிச்ச புண்ணியவானே. தந்திக்காரன் சைக்கிள்ல தெருவுக்குள்ள நுழையும்போதே, சாவுச் சேதின்னு நெனச்சு உங்க அக்கா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா. எதிர்வீட்டு டெய்லர் தைச்சுக்கிட்டு இருந்தத அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாரு. பால்காரம்மா பாத்திரத்தக் கீழ வெச்சுட்டு அழவே ஆரம்பிச்சிட்டாங்க, யாருன்னே தெரியாம. எனக்கும் பயமாப் போச்சு, பொய் சொல்லல. பிரிச்சேன். "வாளி வேண்டாம்."

சத்தமாப் படிச்சேன். டெய்லர்தான் கேட்டாரு, "உங்க மச்சினனுக்கு வாளி வேண்டாம்னா நீங்க ஏன் அனுப்புறீங்க?" அவ்ளோதான், தெருவே சிரிச்சு உருண்டுச்சு. உங்க அக்காவுக்குச் சிரிப்போட இருமலும் சேந்துக்கிச்சு, தண்ணி குடுத்து முதுகத் தட்டி உக்கார வெச்சேன். இப்ப என்னைக் கண்டாலே எல்லாரும் "வாளி வேண்டாமா"ங்கிறாங்க. எனக்கே பட்டப்பேரு வெச்சிட்டியேடா.

சிரிச்சு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் அவ கேட்டா, "எதுக்குங்க சின்னவன் காசு செலவு பண்ணி இத எழுதியிருக்கான்?" அவனுக்கு ஒரு வாளி அனுப்பவான்னு கேட்டிருந்தேன், அதுக்குப் பதில்னு ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். ஆனா மாப்ள, உண்மையச் சொல்றேன், அந்தக் கேள்வி என்னோடயே இருக்கு. கஞ்சப்பய நீ. தந்திக்கு ஏன் காசக் கரைச்ச?

கொல்லையில போய் வாளிய ஒரு ஒதை விட்டுப் பாத்தேன். வாளி வாளியாத்தான் இருக்கு.

நாலு நாளா மழை, அடுப்பே பத்தல. பதினேழாம் தேதி வெறிச்சிரும்னு ரேடியோவுல சொன்னான். அன்னிக்கு இருவது கிலோ போட்டு ஒத்திகை பாக்கணும். கறிக்கடைக்கு நான் போகணும், அந்த நேரம் ஊது மெஷினை உங்க அக்கா பாத்துப்பா. நீ இனிமே தந்தி கிந்தி அடிக்காத. சொல்லணும்னா லெட்டர்ல சொல்லு, நான் ரெண்டு தடவை படிக்கிறேன்.

மாமா

*

மார்ச் 18

மாப்ள,

ஆஸ்பத்திரியிலேருந்து எழுதுறேன். அவளுக்கு மூச்சு முட்டுது. தந்தி அடிக்கலாம்னு தபாலாபீசு வாசல் வரைக்கும் போனேன். தந்தியப் பாத்தா நீ வேற நெனச்சுப்ப. திரும்பி வந்துட்டேன். அவசரத் தபால்ல போடுறேன்.

நேத்துக் காலையில எரிச்சோம். நான் கறிக்கடைக்குப் போயிட்டேன், கூட்டம், ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு. திரும்பி வந்தா அவ மூஞ்சி, தலைமுடியெல்லாம் வெள்ளையா ஒட்டியிருந்துச்சு, சுத்திக்கிட்டே இருந்தா. சூடு கொறையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்கன்னா. நாலு மணிக்குக் குளிர் வந்துச்சு. ஆறு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. டெய்லரும் நானும் வண்டியில தூக்கிப் படுக்க வெச்சோம். அப்பத்தான் பால்காரம்மா ஓடி வந்து ஒரு லெட்டர் குடுத்தாங்க. மத்தியானம் தபால்காரர் அவங்க வீட்ல குடுத்துட்டுப் போயிருக்காரு, நாங்க கொல்லையில இருந்ததால கூப்பிட்டது காதுல விழல.

உன்னோட பதிமூணாம் தேதி லெட்டர். வண்டியிலயே படிச்சேன்.

டாக்டரம்மா என்னத்த இழுத்தாங்கன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. வாளி, வாளின்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். கடைசில உன் லெட்டர நீட்டுனேன். அந்தம்மா கட்டில் பக்கத்துல நின்னு சத்தமாப் படிச்சாங்க. ஆறாம் தேதி லெட்டரும் சட்டைப் பையில இருந்துச்சு, அதையும் வாங்கிப் படிச்சாங்க. துத்தநாகம்னு வந்த எடத்துல நிறுத்தி, நர்ஸக் கூப்பிட்டு என்னமோ சொன்னாங்க. ஊசி போட்டாங்க, மூஞ்சில காத்துக் குழாய் வெச்சாங்க.

உங்க அக்கா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. எல்லாத்தையும் கேட்டுட்டா. கேட்டு விஷயம், காண்ட்ராக்டர், எல்லாம்.

என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "நெனைக்காத நாளே இல்லைன்னு சின்னவன் எழுதவே இல்லையா?"

நீ வா.

மாமா

*

மார்ச் 20

மாமாவுக்கு,

உங்க அவசரத் தபால் கெடச்சுது. நாலு தடவை படிச்சிட்டேன். நீங்க எழுதுனது மாதிரியே இல்ல. அதனால நெசம்னு தோணுது. அதனாலயே சந்தேகமாவும் இருக்கு. என்னைத் திட்டாதீங்க.

ஒரு தடவை அக்காவுக்கு ரொம்ப முடியலன்னு இப்படித்தான் எழுதி வரவழைச்சீங்க. முன்னூறு மைல் நின்னுக்கிட்டே வந்தேன். வாசல்லயே "சீட்டாட ஒரு கை கொறையுது மாப்ள, உக்காரு"ன்னீங்க. அக்கா உள்ளேருந்து சிரிச்சுக்கிட்டே வந்தா. நானும் உக்காந்து ஆடுனேன். அந்தப் பயணத்துல அப்ப இருந்த வேலை போச்சு. உங்ககிட்ட சொல்லல.

இருபத்தஞ்சாம் தேதி காலையில நாங்க வேலை பாக்குற கப்பல் கெளம்புது. அதுக்கு முன்னாடி ஒரு நாள் வேலைக்கு வரலேன்னாலும் திரும்ப உள்ள விட மாட்டாங்க. எனக்கு அம்பத்தாறு வயசு, இனிமே எவனும் வேலைக்குச் சேக்க மாட்டான். மாமா, நான் ஒரு வார்த்தை கேக்குறேன். இது நெசமா? நெசம்னா நான் வேலைய விட்டுட்டு வரேன், வருத்தப்பட மாட்டேன். விளையாட்டுன்னா அதையும் எழுதிடுங்க. கோவப்பட மாட்டேன், சந்தோஷம்தான் படுவேன்.

டாக்டரோ நர்ஸோ யாராச்சும் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.

அவகிட்ட சொல்லுங்க. எழுதலேன்னாலும் நெனைக்காத நாளே இல்ல.

மச்சினன்

*

மார்ச் 22

மாப்ள,

நெசம்.

பின்பக்கம் ஒரு வரி நர்ஸம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க பாரு. அறுபத்தொம்பது வயசுக்காரன் சொல்ற வார்த்தைக்கு சாட்சி எதுக்குன்னு அந்தம்மா கேட்டாங்க. எனக்கு அது வேணும்னு சொன்னேன்.

வேலைய விட்டுட்டு வாடான்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. வராதேன்னு சொல்ற தைரியமும் இல்ல. நெலமைய அப்படியே சொல்றேன். நேத்தவிட இன்னிக்கு நெஞ்சு இழுப்பு கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. ஆனா காத்துக் குழாய எடுத்தா அஞ்சு நிமிஷத்துல உதடு கறுத்துப் போவுது. இன்னும் மூணு நாள் போகணும், அதுக்கு முன்னாடி எதையும் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. இதுல நான் எதையும் சேக்கல, எதையும் விடல.

வாளிய டெய்லர் நசுக்கிக் குப்பையில போட்டுட்டாரு. அறுபது பேருக்கும் கறி கெடையாதுன்னு ஆள் விட்டுச் சொல்லிட்டேன். விளையாடுறான் கிழவன்னு சொல்லி, பாதிப் பேர் அன்னிக்கு வீட்டுக்கு வருவானுங்க போல. வரட்டும், பூட்டைப் பாத்துட்டுப் போகட்டும்.

நீ சொல்லச் சொன்னதச் சொன்னேன். லெட்டர அவ கையில குடுத்தேன். எந்த வரின்னு கேட்டா. வெரல வெச்சுக் காட்டுனேன். நம்பல. நர்ஸம்மாவக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டா. அப்புறம்தான் லெட்டர மடிச்சுத் தலகாணிக்குக் கீழ வெச்சுக்கிட்டா.

இப்ப எனக்கு ஒரு கஷ்டம் மாப்ள. வேற யார்கிட்டயும் சொல்ல முடியாது. அவளச் சிரிக்க வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சிரிச்சா இருமல் வருது, இருமுனா மூச்சு நின்னு நின்னு வருது. நாப்பத்து நாலு வருஷமா அவகிட்ட நான் வேற எதுவும் பேசுனதே இல்ல, உனக்குத் தெரியும். அதனால ரெண்டு நாளா வாய மூடிக்கிட்டு முக்காலியில உக்காந்திருக்கேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா கொறட்டை விடுறாங்க, மாவு மெஷின் மாதிரி. வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

இன்னிக்குக் காலையில அவ குழாய விலக்கிட்டுக் கேட்டா. "ஏங்க பேசாமயே உக்காந்திருக்கீங்க? எனக்கு அவ்வளவு மோசமா இருக்கா? டாக்டரம்மா எதாச்சும் சொல்லிட்டாங்களா?"

அதெல்லாம் ஒண்ணுமில்லேன்னேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. என்ன பண்றதுன்னு தெரியாம அவ கையப் புடிச்சேன். நான் அப்படிப் புடிக்கிற ஆளு இல்லையா, அதுக்கு இன்னும் பயந்துட்டா. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. "சின்னவனுக்குச் சொல்லி அனுப்பிட்டீங்களா"ன்னு மட்டும் கேட்டா.

பேசுனா மூச்சு போவுது. பேசலேன்னா போகப் போறோம்னு நெனைக்கிறா. எனக்கு சாதாரணமாப் பேச வராது மாப்ள. உனக்கு வரும். சாப்பிட்டியா, மழையா, பஸ் கெடச்சுதான்னு பேசுவியே, அத வந்து பேசு. நான் வெளிய நிக்கிறேன்.

மாமா